கூட்டின் குட்டு

பறவை பார்ப்பதில் அப்படி என்னதான் சுவாரசியம் என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும், பைனாகுலரைத் தூக்கி ஓரமாக வையுங்கள், மைக்ரோசாட்டிலைட் பார்த்திருக்கிறீர்களா என்று பிடித்துக்கொள்வேன். அப்புறம் என்னை நிறுத்த முடியாது. எங்கள் வீட்டில் கேட்டுப்பாருங்கள், கதைகதையாகப் புலம்புவார்கள்.

நினைத்துப் பாருங்கள்! குஞ்சின் இறக்கை நரம்பில் ஊசிமுனையால் லேசாக ஒரு குத்து, ஒரே ஒரு சொட்டு ரத்தம். நம் சிவப்பணுவில் உட்கரு இல்லை, பறவைக்கு உண்டு, அதனால் அந்தச் சொட்டுக்குள்ளேயே டிஎன்ஏ கொட்டிக் கிடக்கிறது! அதில் சில இடங்களில் சிஏசிஏசிஏ என்று அதே எழுத்துகள், திக்கித் திக்கிப் பேசுகிற மாதிரி, திரும்பத் திரும்ப வரும். அதுதான் மைக்ரோசாட்டிலைட். எத்தனை தடவை என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரு நீளம் அம்மா கொடுத்தது, ஒரு நீளம் அப்பா கொடுத்தது. அவ்வளவுதான் சூட்சுமம்!

ஆய்வகத்தில் அதை முதன்முதலாகத் திரையில் பார்த்தபோது என் கை நடுங்கியது, சிரிக்காதீர்கள். கருவி உறுமுகிறது, ஏசி குளிர் எலும்பில் ஏறுகிறது, திரையில் நீலமும் பச்சையுமாக முகடுகள் முளைக்கின்றன, ஒவ்வொரு முகடும் ஒரு நீளம். தாய்க்கு 142, 150. குஞ்சுக்கு 150, 158. சரி, 158 அப்பாவுடையது. கூட்டுக்குப் புழு சுமந்த சேவலைப் பார்த்தால் 146, 154! "அடப்பாவி!" என்று கத்தியேவிட்டேன். ஒரே இடம் என்றால் திடீர் மாற்றமாக இருக்கலாம், அடுத்த இடம் பார்த்தோம், அதற்கடுத்தது, எங்கேயும் ஒட்டவில்லை. பக்கத்து எல்லைக்காரச் சேவலோ எல்லா இடத்திலும் கச்சிதம்! முகடுக்குப் பக்கத்தில் குட்டிப் போலி முகடுகள் வந்து கொஞ்சம் குழப்பும், அதையெல்லாம் யார் கண்டுகொண்டார்கள்?

ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஃபேரி ரென் என்றொரு நீலக் குட்டிப் பறவை, ஜோடியாகக் குடித்தனம் நடத்துவதைப் பார்த்தால் கண் படும். 1994இல் டிஎன்ஏவைப் பார்த்தார்கள். குஞ்சுகளில் 76 சதவீதம் வெளிச்சேவலுக்குப் பிறந்தவை!

இதற்கே மூச்சு முட்டினால் எப்படி, கலிஃபோர்னியா காண்டர் கதைக்கு வாருங்கள்! 1982இல் உலகத்திலேயே மிஞ்சியது 22, 1987இல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்துக் காப்பில் வைத்து இனத்தைப் பெருக்கினார்கள், யாருக்கு யார் பிள்ளை என்று ஒவ்வொன்றுக்கும் மரபணுக் கணக்கு உண்டு, அந்தக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சான் டியேகோ ஆய்வாளர்களுக்கு இரண்டு குஞ்சுகள் மட்டும் எந்தச் சேவலோடும் பொருந்தவேயில்லை, பார்த்தால் இரண்டு நீளமும் ஒன்றேயாகி ஒற்றை முகடு, அடுத்த இடத்திலும் ஒற்றை, ஒன்றிரண்டு இடத்தில் அப்படி வரும்தான், ஆனால் சோதித்த அத்தனை இடத்திலுமா, அதுவும் ஒவ்வொன்றும் தாயிடமிருந்தே வந்ததா, ஐயோ, அப்பனே இல்லை! கூண்டில் ஏற்கெனவே குஞ்சு பெற்றுத்தந்த சேவல் பக்கத்திலேயே இருக்கிறது, அப்படியிருந்தும் தாய் தனியாகவே உருவாக்கிய பிள்ளைகள்! பறவைகளில் இசட்டும் டபிள்யூவும் சேர்ந்தால் பெட்டை, இரண்டும் இசட் என்றால் சேவல். தாயின் ஒரே பங்கு இரட்டித்துப் பிழைத்து வந்தால் சேவலாகத்தான் இருக்க முடியும், இரண்டும் சேவலேதான்! 2021இல் இந்தச் செய்தியைப் படித்த ராத்திரி நான் தூங்கினேன் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டும் வாரிசில்லாமல் செத்துப்போனது மட்டும்தான் குறை.

இப்போதெல்லாம் கிளையில் ஒரு ஜோடி உரசி உட்கார்ந்திருந்தால் கூட வருபவர்கள் "என்ன ஒரு அன்னியோன்னியம்!" என்று உருகுகிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: "ரத்தம் எடுத்தாச்சா?"