காலியான நாற்காலி

ஓர் உள்ளூர்ச் செய்தித்தாள் மூடப்படும்போது நாம் பெரும்பாலும் தாளுக்காகவே வருந்துகிறோம். காலையில் வாசலில் வந்து விழும் ஓசையும், மையின் மணமும், மரண அறிவித்தல்களைத் தேடிப் படிக்கும் பழக்கமும் போய்விட்டனவே என்கிறோம். இவ்வருத்தம் இயல்பானதே. ஆயினும் இது இழப்பின் புறத்தோற்றம் மட்டுமே. உண்மையில் இழந்தது எது? அமெரிக்காவின் இரு நகரங்களை முன்வைத்து இதனைச் சிந்திப்போம்.

ஓஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுன் எஃகு ஆலைகளால் செழித்த நகரம். அங்கே 1869இல் தோன்றிய 'விண்டிகேட்டர்' நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே குடும்பத்தின் உடைமையாய் இருந்தது. 1920களில் கத்தோலிக்கருக்கும் குடியேறியோருக்கும் எதிராகக் கூ கிளக்ஸ் கிளான் இயக்கம் அந்நகரில் தலைதூக்கியபோது அதனை எதிர்த்து நின்ற பெருமை அவ்விதழுக்கு உண்டு. 1977இல் ஆலைகள் மூடத் தொடங்கின. 1960இல் 1,66,000 ஆக இருந்த மக்கள்தொகை 2020இல் 60,000 ஆகக் குறைந்தது. 2019 ஆகஸ்ட் 31 அன்று, தனது 150ஆம் ஆண்டில், அந்நிறுவனம் தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. அண்டை நகர் நாளிதழ் ஒன்று பெயரை விலைக்கு வாங்கி, அப்பெயரிலேயே ஒரு பதிப்பை வெளியிட்டு வருகிறது. பெயர் பிழைத்தது, ஆனால் பழைய செய்தியறை கலைந்தது.

இணையமே கொலையாளி என்று தீர்ப்பளிப்பது எளிது. வீடு வாடகைக்கு, வேலைக்கு ஆள் தேவை போன்ற வரி விளம்பரங்கள் இணையத்திற்குப் பெயர்ந்ததால் வருவாய் சரிந்தது உண்மையே. ஆனால் இதழ்களும் குற்றமற்றவை அல்ல. வருவாய் குறைந்தபோது பல நிறுவனங்கள் முதலில் கைவைத்தது நிருபர்கள்மீதுதான். ஊர்ச் செய்தி குறைந்தது. எங்கிருந்தோ வாங்கிய செய்திகள் அவ்விடத்தை நிரப்பின. தன் ஊரைக் காணாத இதழை வாசகர் ஏன் வாங்க வேண்டும்? வாசகர் கைவிடுமுன்னரே இதழ் தன் ஊரைக் கைவிட்டுவிட்டது என்பதே நம் கருத்து.

இதன் விளைவைக் கலிபோர்னியாவின் பெல் நகரில் காணலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே, ஏறத்தாழ 35,000 மக்கள் வாழும் எளிய ஊர் அது. அதன் நகர மன்றத்தை இடைவிடாது கவனிக்கும் உள்ளூர் இதழ் எதுவும் இல்லை. அண்டை ஊர் ஒன்றைப் பற்றி விசாரிக்கச் சென்ற 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நிருபர்கள், பெல் நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 7,87,000 டாலர் ஊதியம் பெறுவதை 2010 ஜூலையில் வெளிப்படுத்தினர். அன்று நாட்டின் குடியரசுத் தலைவருக்கே ஊதியம் 4,00,000 டாலர்தான்! அம்மேலாளர் 1993 முதல் பதவியில் இருந்தவர். 2014இல் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அக்கொள்ளையைத் தடுக்கப் பேரறிஞர் எவரும் தேவைப்பட்டிருக்கவில்லை. மன்றக் கூட்டத்தில் ஒரு நாற்காலியில் அமர்ந்து, வரவு செலவைப் பொறுமையுடன் படித்து, மறுநாள் எழுதும் ஓர் எளிய நிருபர் போதுமாயிருந்தார். சலிப்பூட்டும் கூட்டங்களில் மக்களின் பொருட்டு அமர்ந்திருப்பதே உள்ளூர் இதழின் தலையாய பணி. நாம் இழந்தது அந்தச் சாட்சியை.

ஆகவே எதிர்காலம் பற்றிய வினாவும் மாறுகிறது. தாளைக் காப்பது எவ்வாறு என்பதன்று, அந்த நிருபருக்கு ஊதியம் தருவது யார் என்பதே வினா. யூட்டா மாநிலத்தின் 'சால்ட் லேக் டிரிபியூன்' 2019இல் இலாப நோக்கற்ற அறநிறுவனமாக மாறியது. 2021 தொடக்கத்தில் நாள்தோறும் அச்சிடுவதையும் விட்டு வார இதழாயிற்று. அன்றாடச் செய்தி இணையத்தில் தொடர்கிறது. சட்டப்படி அது தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரித்து எழுத இயலாது. நன்கொடையாளரின் நிழல் செய்திமீது விழாதோ என்ற ஐயமும் உண்டு. ஆயினும் விளம்பரதாரரின் நிழலிலும் அல்லவா இதழ்கள் வாழ்ந்துவந்தன? சிலரின் பெருங்கொடையைவிடப் பலரின் சிறு சந்தாவே இதழுக்குப் பாதுகாப்பானது என நாம் கருதுகிறோம்.

செய்தி இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று பழகிவிட்ட நமக்கும் இதில் பங்குண்டு. நம் ஊர் மன்றம் அடுத்த முறை கூடும்போது நமக்காக அங்கே அமர்ந்திருப்பவர் எவர், அவருக்கு நாம் தருவது என்ன என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.