நையாண்டி மேளம்: ஒரு சிறு குழுவின் சங்கீதத் துணிவு

1934ஆம் வருஷம் பாரிஸ் நகரத்தில் ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜிப்ஸி கிதார் வித்வானும் ஸ்தெஃபான் கிராப்பெல்லி என்ற வயலின் வித்வானும் முன்னின்று அமைத்த ஐவர் குழு, தோல்வாத்தியம் ஒன்றுகூட இல்லாமல், துணைக் கிதார்களின் அழுத்தமான மீட்டலாலேயே தாளத்தை நிலைநிறுத்தி, அமெரிக்க ஜாஸுக்குப் புதியதோர் உருவம் கொடுத்தது சங்கீத சரித்திரம் அறிந்த விஷயம். பரம்பரைச் சொத்தைக் கைவிடாமல் அந்நிய சங்கீதத்தையும் அச்சமின்றி ஏற்று, இரண்டையும் தனதாக்கிக்கொள்ளும் அத்தகைய சாமர்த்தியத்தை நம் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துத் திருவிழா வீதிகளிலேயே காணலாம். அதுதான் நையாண்டி மேளம்.

இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, ஒரு ஜோடித் தாளம் என்பதே இக்குழுவின் பொதுவான அமைப்பு. ஆண்டாள் சந்நிதி போன்ற பெருங்கோயில்களுக்குரிய பெரிய மேளம் ராக ஆலாபனையிலும் கீர்த்தனையிலும் நிதானமாக விரிந்து செல்ல, பங்குனியில் பூக்குழி காணும் பெரிய மாரியம்மன் கோயில் போன்ற அம்மன் தலங்களின் வீதிகளிலோ, அதே நாகஸ்வரமும் தவிலும் பம்பையோடும் தமுக்கோடும் சேர்ந்து, கரகத்துக்கும் காவடிக்கும் ஏற்ற துரித கதியை மேற்கொள்கின்றன.

கரகம் ஆடுபவர் பாட்டின் ஓரடியைப் பாடி நிறுத்தியதும் நாகஸ்வரக்காரர் அதை வாங்கிப் பிருகாக்களோடு திருப்பித் தருவார். தவில்காரர்கள் இருவரும் எதிரெதிரே நின்று, வலக்கை விரல்களில் கூடும் இடக்கையில் கழியுமாக, குனிந்தும் சுழன்றும் ஒருவர் முடித்த சொல்லை மற்றவர் தொடர்வார்கள். பெரிய மேளக் கச்சேரியில் அமர்ந்து வாசிக்கும் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆடியபடியே, கணக்குப் பிசகாமல் வாசிப்பது எளிய காரியமல்ல.

ராஜபாளையத்துக்குத் தெற்கே, சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய காவடிச் சிந்தின் துள்ளல் இவர்களுடைய வாசிப்புக்கு இயல்பாகவே பொருந்துகிறது. கிராமியத் தெம்மாங்கும் சினிமாப் பாட்டும்கூட இந்த மேளத்துக்குள் நுழைந்தவுடன் அதன் நடைக்குக் கட்டுப்பட்டு விடுகின்றன. கடன் வாங்கியதால் கலை கெட்டது என்று குறை கூறுவோர், வாங்கிய பாட்டு எவ்வாறு உருமாறுகிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை என்றே சொல்வேன்.

1989இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' இந்த ஒலியைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டு சேர்த்தது; 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் நாட்டார் கலைகளைத் தலைநகரத்துப் பூங்காக்களுக்கும் வீதிகளுக்கும் அழைத்து வந்தது. ஆயினும், சபா விமரிசகர்கள் ஒரு சாஸ்திரீயக் கச்சேரிக்குக் காட்டும் கவனத்தில் சிறு பங்கையேனும் இதற்குக் காட்டியதாகச் சொல்வதற்கில்லை. ஏட்டில் ஏறாமல், தந்தையிடமிருந்து மகனுக்கும் ஆசானிடமிருந்து சீடனுக்கும் கேள்வி ஞானமாகவே வந்துள்ள இந்த வித்தையை, மூத்த கலைஞர்கள் நம்மோடு இருக்கும்போதே, ஊர் ஊராக ஒலிப்பதிவு செய்து, அதன் தாளச் சொற்கட்டுகளை எழுதி வைத்து, இசைக் கல்லூரிகளில் பாடமாக்குவது தமிழறிஞர்களும் சங்கீத வித்வான்களும் உடனே மேற்கொள்ளவேண்டிய கடமையாகும்.