புத்திர சுவிகாரம்: ஒரு விவிலியச் சொல்லாக்கமும் மட்டாஞ்சேரிச் சூழலும்

பவுலின் பெயரால் வழங்கும் திருமுகங்களில் ஐந்து இடங்களில் மட்டுமே பயின்று வரும் கிரேக்கச் சொல் ஹுயோதெசியா என்பதாகும். உரோமையர் திருமுகத்தின் எட்டாம் இயலில் இரண்டு இடங்களிலும் ஒன்பதாம் இயலில் ஓரிடத்திலும், கலாத்தியர், எபேசியர் திருமுகங்களில் ஒவ்வோரிடத்திலும் இது காணப்படுகிறது. மகன் எனப் பொருள்படும் ஹுயோஸ் என்பதும், வைத்தல் அல்லது நிறுத்துதல் எனப் பொருள்படும் தெசிஸ் என்பதும் இணைந்த கூட்டுச்சொல் இது. மகனாகப் பிறவாத ஒருவனை மகன் என்னும் நிலையில் சட்டம் அறிய நிறுத்துவதையே இச்சொல் குறிக்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் இச்சொல் இடம்பெறவில்லை. எனவே பவுல் இதனைச் சமய நூல் வழக்கிலிருந்து எடுக்காமல் அக்காலச் சட்ட வழக்கிலிருந்தே எடுத்தார் எனக் கொள்ளலாம். யோவான் நற்செய்தி இறைவனின் பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கால் பிறப்பு என்னும் உருவகத்தையே கையாள்கிறது. பவுலின் உருவகமோ ஆவணமும் சாட்சியும் வேண்டி நிற்கும் ஒரு செயலைச் சார்ந்தது.

தமிழில் 1871-இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் இச்சொல்லைப் புத்திர சுவிகாரம் எனப் பெயர்த்தது. எபேசியர் திருமுகத்தில் மட்டும் சுவிகாரபுத்திரர் என உறுப்புகள் இடம் மாறி நிற்கின்றன. 1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு சுவிகாரம் என்பதை விலக்கி, பிள்ளை என்னும் சொல்லை மையமாகக் கொண்ட தொடர்களை அமைத்துக்கொண்டது. முன்னது அரிய சொல், பின்னது எளிய சொல் என்னும் அளவிலேயே இம்மாற்றம் பெரும்பாலும் மதிப்பிடப்படுகிறது. இம்மதிப்பீடு போதாது. எளிமை நோக்கிய இம்மாற்றத்தில் இழக்கப்பட்டது எது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இவ்வாய்வுக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரி தக்கதொரு களமாக அமைகிறது. கிறித்தவத் தமிழுக்கும் கொச்சிக்கும் உள்ள தொடர்பு பழமையானது. அண்டிரிக் அடிகளாரின் கிரீசித்தியானி வணக்கம் 1579-இல் கொச்சியிலேதான் அச்சிடப்பெற்றது. மட்டாஞ்சேரியில் தமிழ், மலையாளம், கொங்கணி, குசராத்தி முதலிய மொழிகள் ஒரே தெருவில் ஒலிப்பவை. அங்குள்ள அரண்மனையும் 1568-இல் எழுந்த பரதேசி யூதர் தொழுகைக்கூடமும் அடுத்தடுத்து நிற்கின்றன. 1653-இல் தோமையார் கிறித்தவர்கள் கூனன் குருசு உறுதிமொழி எடுத்ததும் மட்டாஞ்சேரியில்தான். மகன்மை, உரிமை, விடுதலை ஆகிய மூன்றும் இம்மூன்று மரபுகளிலும் வெவ்வேறு வகையில் பொருள்பட்டுள்ளன.

சுவிகாரமும் தத்தும்

சுவிகாரம் என்னும் வடசொல் தனதாக்கிக் கொள்ளுதல் எனப் பொருள்படும். தத்தம் என்பது கொடுக்கப்பட்டது எனப் பொருள்படும். இன்றைய வழக்கில் இவ்விரண்டும் ஒரு பொருட் பன்மொழியாகக் கருதப்பட்டாலும், ஒரே நிகழ்வை இவை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து காண்கின்றன. சுவிகாரம் ஏற்பவரின் செயலைச் சுட்டுகிறது. தத்து ஈபவரின் செயலைச் சுட்டுகிறது. தரும நூல்களின்படி ஈபவர் இன்றித் தத்து இல்லை. பெற்றவர் தம் கையால் கொடுத்தலும் ஏற்பவர் வாங்குதலும் நிகழ்ந்தாக வேண்டும். கொடுப்பதற்குப் பெற்றோர் இல்லாமையால் பழைய இந்து சட்டத்தில் அனாதைக் குழந்தையைப் பொதுவாகத் தத்தெடுக்க இயலவில்லை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

பவுலின் கருத்தில் ஈபவர் என ஒருவர் இல்லை. மனிதனைப் பிணித்திருந்த அடிமைத்தனம் அவனைப் பெற்ற தந்தையாகாது. அது அவனை மனமுவந்து கொடுக்கவும் இல்லை. ஆகவே ஏற்பவரை முதன்மைப்படுத்தும் சுவிகாரம் என்னும் சொல்லைத் தேர்ந்தமை 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் சிறப்பு எனலாம். மலையாளச் சத்தியவேதபுத்தகம் நான்கு இடங்களில் புத்ரத்வம் என்றும், எபேசியர் திருமுகத்தில் தத்தெடுத்தல் என்றும் கூறுகிறது. புத்ரத்வம் என்பது நிலையைச் சொல்லுகிறதேயன்றி அந்நிலைக்குக் கொண்டுவந்த செயலைச் சொல்லவில்லை. அச்செயலைச் சொல்ல வேண்டியிருந்த ஐந்தாம் இடத்தில் அம்மொழிபெயர்ப்பாளர்கள் ஈகைச் சொல்லை நாடினர். சிரிய மொழிப் பெசித்தா விவிலியம் இவ்வகையில் மிகவும் நேர்மையானது. சீமத் பனயா, அதாவது பிள்ளைகளாக வைத்தல் எனக் கிரேக்கக் கூட்டுச்சொல்லின் இரு உறுப்புகளையும் அது அப்படியே காத்துள்ளது. சிரிய மொழியை வழிபாட்டில் போற்றிய மட்டாஞ்சேரிக் கிறித்தவர்க்கு இத்தொடர் மலையாள மொழிபெயர்ப்புக்கும் முற்பட்டது.

ஆயினும் சுவிகாரம் என்னும் சொல் குறையற்றதன்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தமிழ்நாட்டில் அது நீதிமன்றச் சொல்லாக விளங்கியது. டல்ஹௌசியின் வாரிசு இழப்புக் கொள்கை அண்மைய நினைவாக இருந்தது. இராமநாதபுரம் சேதுபதி மரபின் சுவிகார வழக்கில் பிரிவி கவுன்சில் 1868-இல் தீர்ப்பளித்தது. இவ்வழக்குகள் யாவற்றிலும் சுவிகாரம் என்பது பிள்ளையில்லாதவரின் தேவை. நீர்க்கடன் செய்யவும் குலம் தொடரவும் மகன் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. மகன் உள்ளவர் மகனைச் சுவிகாரம் செய்தல் ஆகாது என்னும் விதியை 1956-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றது. பவுலின் இறைவனுக்கோ மகன் உண்டு. குறை ஏதும் இல்லை. உரோமையச் சட்டம் இதற்கு இடமளித்தது. பேரரசர் கிளாடியஸ் பிரித்தானிக்கஸ் என்னும் சொந்த மகன் இருக்கவே கி.பி. 50-இல் நீரோவை ஏற்றுக்கொண்டார். (அம்மகனுக்கு அதனால் நேர்ந்த கதி வேறு.) எனவே சட்டம் அறிந்த தமிழ் வாசகர் புத்திர சுவிகாரம் என்பதைப் படிக்குங்கால், ஏற்பவரின் வெறுமை அச்சொல்லுடன் ஒட்டிக்கொண்டு வருவதை உணர்ந்திருப்பார்.

மற்றொரு முரணும் உண்டு. இச்சொல்லைத் திருமறையில் வாசித்துவந்த கிறித்தவர்க்கு அதனை இல்லத்தில் நடத்திக் காட்டும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவர்கள் காப்பாளர் ஆகலாமே தவிர, பெற்றோர் ஆக இயலவில்லை. கிறித்தவ இணையர் ஏற்ற மகனுக்குப் பெற்ற மகனுக்குரிய உரிமை உண்டு என 1999-இல் கேரள உயர்நீதிமன்றம் கொச்சியிலிருந்து தீர்ப்பளித்தது. சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும் பின்னர் எல்லாச் சமயத்தாருக்கும் வழி திறந்தன. இவ்விடைக்காலத்தில் தத்தெடுத்தல் என்னும் சொல் கிராமங்களையும் உயிரியல் பூங்கா விலங்குகளையும் கூடத் தழுவிக்கொண்டது. பராமரிப்புச் செலவை ஏற்றல் என்னும் அளவுக்கு அதன் பொருண்மை இன்று தேய்ந்துள்ளது.

அரண்மனையும் சுதந்தரமும்

பிள்ளைகள் எனில் உரிமையாளரும் ஆவர் என்பது பவுலின் வாதம். இவ்வாதத்தின் இடைப்பிணைப்பு சொல்லப்படாமல் நிற்கிறது. மகன் தந்தையின் சொத்துக்கு உரியவன் என்பது கேட்போர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். மட்டாஞ்சேரி அரண்மனையில் அது பொருந்தாது. கொச்சி அரச மரபு மருமக்கள் தாயத்தைப் பின்பற்றியது. அரசனின் மகன் அரச குடும்பத்தைச் சேர்ந்தவன் அல்லன். உடன்பிறந்தாளின் மகனே அடுத்து ஆள்பவன். தாவழியில் பெண் இல்லாதபோது பெண்ணையும் தத்தெடுத்தனர். தத்து வழி வந்தோர் உரிமை பற்றி எழுந்த பூசலில் டச்சுக்காரர் தலையிட்டு 1662-இல் மட்டாஞ்சேரி அரண்மனையைத் தாக்கினர். அங்குத் தத்து என்பது அரியணை பற்றிய செய்தி. ஆனால் புத்திரன் என்பது அரியணைக்குப் புறம்பான சொல். தோமையார் கிறித்தவர் மக்கள் தாயத்தினர் ஆதலின் அவர்களிடையே பவுலின் வாதம் இடர்ப்படவில்லை. ஒரே ஊரில் ஒரே தொடர் ஒரு வீட்டில் வாதமாகவும் அடுத்த வீட்டில் வாதமற்றதாகவும் நின்றது என்பது மொழிபெயர்ப்பாளர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

தமிழில் இடர்ப்பாடு வேறு வகையில் வந்தது. 1871-ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு மரபுரிமையைச் சுதந்தரம் என்றும், உரிமையாளரைச் சுதந்தரர், சுதந்தரவாளி என்றும் வழங்கியது. விடுதலை நிலைக்கு அது கையாண்ட சொல் சுயாதீனம் என்பது. 20-ஆம் நூற்றாண்டின் அரசியல் இவ்வேறுபாட்டை அழித்துவிட்டது. சுதந்தரம் என்றவுடன் 1947 நினைவுக்கு வருகிறதேயன்றித் தந்தையின் நிலமும் வீடும் நினைவுக்கு வருவதில்லை. இதன் விளைவு சிறியதன்று. அடிமைநிலை நீங்குதலும் மகனாக ஏற்கப்படுதலும் பவுலிடம் இருவேறு படிகள். கலாத்தியர் திருமுகத்தில் மீட்பும் ஏற்பும் தனித்தனி நோக்க வாக்கியங்களாகவே அடுத்தடுத்து நிற்கின்றன. இன்றைய வாசகர் சுதந்தரர் என்பதை விடுதலை பெற்றவர் எனக் கொள்வாராயின், இரண்டாம் படி முதற்படியினுள் மறைந்துபோகும்.

அவ்விரண்டும் ஒன்றல்ல என்பதற்கு மட்டாஞ்சேரித் தொழுகைக்கூடமே சான்று. பரதேசி யூதரிடையே மெஷுஹ்ராரிம் எனப்பட்டோர் இருந்தனர். விடுவிக்கப்பட்டோர் என்பது அவ்வெபிரேயச் சொல்லின் பொருள். அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்றவர்களும் அவர்தம் வழியினரும் யூதராகவே வாழ்ந்தனர். ஆயினும் தொழுகைக்கூடத்தின் உள்ளே மற்றவர்க்குச் சமமாக அமரவும், தோரா வாசிக்க அழைக்கப்படவும் அவர்களுக்கு உரிமை மறுக்கப்பட்டது. அம்மரபினரான வழக்கறிஞர் ஏ.பி. சேலம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அறப்போர் முறையில் இதனை எதிர்த்தார். தடைகள் சிறிது சிறிதாகவே தளர்ந்தன. விடுதலை கிடைத்தும் வீட்டுப் பிள்ளையாகாத நிலை பல தலைமுறைகள் நீடிக்கக் கூடும் என்பதை இது காட்டுகிறது. பவுலின் சொல் அந்த இடைவெளியைக் கடத்தற்காகவே எழுந்த சொல்.

பொது மொழிபெயர்ப்பு உரிமைப்பேறு என்பதை ஆண்டதன் மூலம் சுதந்தரச் சிக்கலை நன்கு தீர்த்துள்ளது. இது பாராட்டத்தக்கது. ஆனால் அதே கையால் சுவிகாரச் செயலையும் அது தளர்த்திவிட்டது. பிள்ளை என்னும் சொல் ஆண், பெண் இருபாலார்க்கும் உரியது; தஞ்சை வட்டாரத்தில் சிலரிடையே அது மகனை மட்டும் குறிப்பினும் பன்மையில் அத்தடை இல்லை. பெண்கள் தம்மைப் புத்திரர் என அழைத்துக்கொள்ள வேண்டிய நிலை இதனால் நீங்கியது. எனினும் கிரேக்கத்தில் ஹுயோஸ், தெக்னோன் என இரு சொற்கள் மாறி வருமிடத்தில் பழைய மொழிபெயர்ப்பு புத்திரர், பிள்ளைகள் எனப் பிரித்துக் காட்டியது. புதியதில் சட்டநிலையும் பாசமும் ஏறக்குறைய ஒரே சொற்களத்தில் அடங்கிவிடுகின்றன. மக்கள் என்னும் சொல் மலையாளத்தில் பெற்ற பிள்ளைகளையே குறிக்கத் தமிழில் குடிமக்களையும் குறிப்பதால், அச்சொல் வருமிடங்களில் பொருள் மேலும் அகல்கிறது. சட்டநிலையைச் சுட்டும் ஐந்து இடங்களும் ஒரு கலைச்சொல்லால் கோக்கப்படாமையின், அவற்றை ஒருங்கு வைத்து நோக்கும் வாய்ப்பு தமிழ் வாசகர்க்கு இல்லாமற் போயிற்று.

பிள்ளையாக ஏற்றல் என்னும் தொடரை ஐந்திடத்தும் ஒருசீராக ஆளலாம். ஏற்றல் என்பது சுவிகாரத்தைப்போல ஏற்பவரின் செயல், ஈபவரை வேண்டாதது, பிள்ளையில்லாமையைக் குறிப்பாலும் உணர்த்தாதது. சட்டத்தன்மை அதில் குறைவு என்பது உண்மையே. அதனை அடுத்து வரும் உரிமைப்பேறு ஈடுசெய்யும்.

இறுதியாக ஒரு சொல். சுவிகாரம் பெற்றவர் இறைவனை அழைக்கும் அரமேயச் சொல் அப்பா என்பது. கிரேக்கத்தில் அது அயற்சொல்லாகவே நின்று, அதன் பொருள் அடுத்த சொல்லால் விளக்கப்படுகிறது. மலையாளம் அதனை ஒலிப்புடைய பகரத்தால் எழுதி அயன்மையைக் காக்கிறது. தமிழ் நெடுங்கணக்கில் அவ்வேறுபாட்டுக்கு இடமில்லை. இரட்டித்த பகரம் தமிழில் வல்லொலியாகவே ஒலிக்கும். ஆதலின் அரமேயச் சொல் தமிழ் வீட்டுச் சொல்லாகிவிட, அதற்கு விளக்கமாக வந்த பிதாவே என்பதே பழைய மொழிபெயர்ப்பில் அயலாக நிற்கிறது. மூலத்தில் விளக்கம் வேண்டியிருந்த சொல் தமிழில் விளக்கம் வேண்டாததாயிற்று. மட்டாஞ்சேரித் தெருவில் தமிழ்க் குழந்தை தந்தையை விளிப்பதும் இச்சொல்லாலேயே.