பட்டினப்பாலை காட்டும் துறைமுக வாழ்வு

பத்துப்பாட்டுள் ஒன்பதாவதாக வைத்து எண்ணப்படும் பட்டினப்பாலையை மலேசியத் தமிழர் மேடைதோறும் நினைவுகூர்கின்றனர். காரணம் வெளிப்படை. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருக்களில் குவிந்த பொருள்களைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அடுக்கிச் சொல்லுமிடத்தில், ஈழத்து உணவோடு காழகத்துச் செல்வமும் இடம்பெறுகின்றது. காழகமாவது கடாரம் என்றார் நச்சினார்க்கினியர். கடாரத்தை இன்றைய கெடாவாகக் கொள்வர் வரலாற்றறிஞர். ஆக, இந்நாட்டோடு நமக்குள்ள தொடர்பின் பழமைக்கு ஒரு சான்று கிடைத்துவிடுகின்றது. சான்று கிடைத்ததும் நூலை மூடிவிடுகின்றோம். இதுவே குறை. பாட்டின் உயிர் அந்தப் பண்டப் பட்டியலில் இல்லை.

இப்பாட்டு 301 அடிகளை உடையது. இதில் தலைவன் தன் நெஞ்சை நோக்கிப் பேசும் அகப்பொருட் பகுதி ஐந்தாறு அடிகளே. குறையாச் சிறப்புடைய அப்பட்டினமே கிடைப்பதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்கிறான் அவன். எஞ்சியவை நகரின் சிறப்பும் கரிகாலனின் வெற்றியும். மன்னனைப் புகழ்வதற்கே புலவர் அகத்துறையை ஒரு போர்வையாகக் கொண்டார் என்று எண்ணுதல் எளிது. அவர் பதினாறு நூறாயிரம் பொன் பரிசில் பெற்றார் எனக் கலிங்கத்துப்பரணி கூறுவதும் இவ்வெண்ணத்திற்குத் துணைசெய்யும். ஆயினும், நகரைப் பற்றிய பகுதியை ஊன்றிப் படிப்பார்க்கு வேறோர் உண்மை புலனாகும்.

புலவர் நம்மை நேரே சுங்கச் சாவடிக்கு அழைத்துச் செல்லவில்லை. முற்றத்தில் உலரும் நெல்லைத் தின்ன வரும் கோழியை ஒரு பெண் தன் காதணியைக் கழற்றி எறிந்து விரட்டுகின்றாள். விழுந்த காதணி, சிறுவர் உருட்டிவரும் முச்சக்கரத் தேரைத் தடுக்கின்றது. உப்பை விற்று நெல்லோடு மீண்ட படகுகள், இலாயத்துக் குதிரைகள் போலக் கட்டப்பட்டு நிற்கின்றன. மணற்பரப்பில் பரதவர் மற்போர் புரிகின்றனர். முழுமதி நாளில் அவர்கள் மீன்பிடிக்கச் செல்லாமல், சுறாமீனின் கொம்பை நட்டு வழிபட்டு, மகளிரோடு கூடி உண்டும் ஆடியும் மகிழ்கின்றனர். புலி முத்திரை பொறித்த மூட்டைகள் மலைபோல் குவிந்த பண்டசாலை முற்றத்திலும் நாயும் ஆட்டுக்கிடாயும் துள்ளி விளையாடுகின்றன. கோயிலில் ஏறிய கொடியும், கற்றோர் வாதுக்கு அழைக்கும் கொடியும், கப்பற்கொடியும், கள்ளுக்கடைக் கொடியும் ஒரே வானத்தில் அசைகின்றன.

இவை அலங்காரத்திற்காக வந்தவை அல்ல. பொன்னும் மணியும் மட்டுமே நிறைந்த ஊரை ஒருவன் வேண்டாவென்றால் அவனைப் பற்றற்றவன் என்போம், அவ்வளவே. இங்கே அவன் மறுப்பது மகிழ்ச்சி நிறைந்த ஊரை. அம்மகிழ்ச்சியும் பெரும்பாலும் துணையோடு கூடிய மகிழ்ச்சி. பரதவர் மகளிரோடு ஆடுகின்றனர். இரவில் மாடத்து மகளிர் கணவரோடு கூடியிருக்கின்றனர். துணையின்றிப் பெற்றால் அந்நகரம் அந்நகரமாகவே இராது. எனவே தலைவனின் மறுப்புக்கான காரணம் நகர வருணனைக்குள்ளேயே விதைக்கப்பட்டிருக்கின்றது. ஐந்தாறு அடிகள் முந்நூறு அடிகளைத் தாங்குவது இவ்வாறே.

கரிகாலன் பகுதியையும் இதே கண்ணோடு நோக்குக. பகைவர் ஊர்கள் அழிந்ததைச் சொல்லுங்கால், புலவர் கணக்கிடுவது இழந்த பொன்னை அன்று. திருவிழா நின்றுபோய் அச்சம் குடிகொண்ட மன்றத்தைக் காட்டுகின்றார். ஊர் வாழ்கின்றது என்பதற்கு விழா அடையாளமாயின், ஊர் இறந்தது என்பதற்கு விழா ஒழிந்த மன்றமே அடையாளம். வென்ற மன்னனைப் புகழும் பாட்டு, தோற்ற ஊரின் வெறுமையையும் மறைக்காமல் சொல்வது அதன் பெருமை. ஆனால் அவ்வெறுமைக்கு இரங்காமல் புகழ்மாலையைத் தொடர்வது அதன் குறை. இரண்டையும் சொல்வதே நடுநிலையான திறனாய்வு.

மலாக்காவில் வாழ்வோர்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 1511-இல் போர்த்துக்கீசியர் இத்துறைமுகத்தைக் கைப்பற்றியபின் இங்குத் தங்கிய தொமே பீரெஸ், 84 மொழிகள் இங்கே பேசப்பட்டதாக எழுதினார். மேற்றிசை வணிகர் நூற்றுக்கு ஆறு சுங்கம் செலுத்தியதையும் குறித்தார். அக்குறிப்பு விலைமதிப்பற்றது. ஆனால் காதணி எறிந்த பெண்ணை அத்தகைய சுங்கக் கணக்குகளில் காண இயலாது. 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலும், காஜா பேராங்கில் மலாக்காச் செட்டிகள் எடுக்கும் மாரியம்மன் விழாவும் இன்றும் இருப்பதால்தான், அந்தப் பழைய துறைமுகத் தமிழர் வாழ்வின் ஒரு பகுதியேனும் நமக்குத் தெரிகின்றது.

1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் இரப்பர் பயிரிட்டதற்குப் பின் பெருகிய தோட்டங்களின் வரலாற்றையும் நாம் ஏக்கர்க் கணக்கிலும் கூலிக் கணக்கிலும் எழுதிப் பழகிவிட்டோம். அவை வேண்டும், அவையின்றி உழைப்பின் விலை விளங்காது. ஆயினும் பிரட்டுக்கு எழுந்த விடியல், இலயத்து வாசலில் ஆடிய பிள்ளைகள், காமன் கூத்து, தீமிதி, கள்ளுக்கடைப் பேச்சு ஆகியவற்றை யார் எழுதுவது? தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறும்போது முதலில் மறைவது இவைதாம். குருபோங் முதலிய இடங்களில் இவற்றை நேரிற் கண்ட முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும்.

உருத்திரங்கண்ணனார் கோழியையும் காதணியையும் பாட்டில் வைத்தார். ஆதலின் கடல் கொண்ட பட்டினம் நம் கண்முன் நிற்கின்றது. காழகத்தைக் காட்டிப் பெருமை கொள்ளும் நாம், அவரிடம் கற்க வேண்டியது இதனையே.