நாற்றங்காலும் நல்லெண்ணமும்

லோயர்கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை, கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணைதான் அதற்குப் படியளக்கிறது. ஜூன் முதல் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். அணை வற்றிக் கிடக்கும் ஆண்டில் தேதி தள்ளிப்போகும். ஆனாலும் விதைநெல்லை ஊறவைத்து, ஈரச் சாக்கில் முளைகட்டி, நாற்றங்காலில் தெளித்துவிடுவார்கள். "தண்ணி வருமா?" என்று ராவுத்தர் வீட்டு விவசாயியிடம் கேட்டால், "இன்ஷா அல்லாஹ், வந்துரும்" என்பார்.

'இறைவன் நாடினால்' என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பெரிய கோட்பாடு இருக்கிறது: இறைவனின் அருள்மீது நல்லெண்ணம் வைப்பது. 'அடியான் என்னைப் பற்றி எப்படி எண்ணுகிறானோ, அப்படியே நான் அவனுக்கு இருக்கிறேன்' என்று இறைவன் சொல்வது நபிமொழி தரும் செய்தி. தமக்குத் தாமே தீங்கு செய்துகொண்டவர்கள்கூட அருளில் நம்பிக்கை இழக்கலாகாது என்கிறது குர்ஆனின் 39ஆம் அத்தியாயம்.

இதன் பலம் சக்கராத்து எனும் மரணத் தறுவாயில் தெரியும். மூச்சு இழுத்துக்கொண்டிருப்பவர் அருகே குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதுகிறவர்கள் நரகத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள், ரஹ்மத்தை, இறையருளைத்தான் பேசுவார்கள். தவறு செய்தவன் திரும்பி வரவும் இதே வாசல்தான். வாசல் சாத்தியிருக்கிறது என்று நினைப்பவன் தட்டவே மாட்டான்.

பலவீனமும் அதே நல்லெண்ணத்தில்தான் ஒட்டியிருக்கிறது. வாங்கிய கடனைத் திருப்பித் தராதவனும் "அல்லா பாத்துக்குவான்" என்கிறான். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி இந்த ஏமாற்றை அன்றே பிரித்துக் காட்டினார். நல்ல மண்ணில் நல்ல விதையிட்டு, நீர் பாய்ச்சி, களையெடுத்துக் காத்திருப்பதே நம்பிக்கை. நல்ல மண்ணில் விதைத்தும் தண்ணீருக்கு வழியில்லாமல் மழையை எதிர்பார்ப்பது வெறும் ஆசை. உவர்நிலத்தில் தூவிவிட்டுச் சும்மா இருப்பது மடமை.

அழகான உவமைதான். ஆனால் இங்கே அது ஓரிடத்தில் இடறுகிறது. வாய்க்கால் எட்டாத மேட்டில் மானாவாரி போடுகிறவர் அந்த நிலத்தைத் தேடிப் பிடித்து வாங்கியவரல்ல. பாட்டன் விட்டுப்போனது அதுதான். அவருடைய எதிர்பார்ப்பை ஆசை என்று தள்ளிவிட முடியுமா? இதைவிடக் கொடுமை, பயிர் கருகியவரிடமும் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடமும் போய், "உங்க நிய்யத்து (எண்ணம்) சரியில்ல" என்று குத்துவது. ஆறுதலுக்கென்று வந்த கோட்பாடு அங்கே தண்டனையாகிவிடுகிறது.

இதற்கு விடை இஸ்லாமியச் சட்டத்திலேயே உண்டு. மழையிலும் ஆற்றுப் பாய்ச்சலிலும் விளைந்ததற்கு ஜகாத் எனும் கட்டாயக் கொடை பத்தில் ஒரு பங்கு. இறைத்து ஊற்றி விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கு. வானம் எவ்வளவு தந்தது, மனிதன் எவ்வளவு உழைத்தான் என்று அந்தச் சட்டம் கணக்குப் பார்க்கிறது. அருள் அதிகம் பெற்றவன் அதிகம் பகிர வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: நல்லெண்ணத்தைத் தன் நெஞ்சுக்கு வைத்துக்கொள்ளலாம், அடுத்தவர் நெஞ்சை அளக்கும் படியாக்கக் கூடாது. வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த வயலுக்காரர் மேட்டு நிலத்துக்காரரிடம் நம்பிக்கையை இழக்காதீர்கள் என்று சொல்லப் போகும்போது, கையில் அந்தப் பத்தில் ஒரு பங்கும் இருக்கட்டும்.