கைத்துப்பாக்கி: ஒரு சொல்லாய்வு

ஒரு கையாற் பிடித்துச் சுடத்தக்க சிறு படைக்கலத்தைக் 'கைத்துப்பாக்கி' என்கிறோம். எல்லாத் துப்பாக்கிகளும் கையில் ஏந்தப்படுவனவாக, இதற்கு மட்டும் 'கை' என்னும் அடை எதற்கு எனச் சிலர் வினவுவர். அவ்வடை ஈண்டுக் கையை மட்டுமன்றிச் சிறுமையையும் உணர்த்தும். பெருவாய்க்காலிற் பிரியும் சிறுகால் 'கைவாய்க்கால்' எனப்படுதல் காண்க. ஆதலின் அடை பொருத்தமானதே.

இடர்ப்பாடு 'துப்பாக்கி' என்னும் சொல்லிலேயே உளது. திருக்குறளின் 12ஆம் பாவில் இவ்வுருவம் வருதலைக் காட்டி, இது பழந்தமிழ்ச் சொல்லே என வாதிப்பார் உளர். அக்குறளோ வான்சிறப்பில் உள்ளது. ஆண்டுத் 'துப்பு' என்பது உணவு. 'துப்பு ஆக்கி' என்பது உணவை உண்டாக்கி என்னும் வினையெச்சம். உயிர் வளர்க்கும் மழைக்குரிய தொடரை உயிர் போக்கும் கருவிக்கு மூலமாக்குதல், ஒலியொப்புமை கண்டு மயங்குதலேயாம். வள்ளுவர் காலத்தில் வெடிமருந்துக் கருவி ஏது?

இச்சொல் துருக்கியில் 'துஃபெக்', பாரசீகத்தில் 'துஃபங்', இந்துஸ்தானியில் 'துபக்', தெலுங்கில் 'துபாக்கி' என வழங்குகிறது. படைகளோடு பரவிய இச்சொல், தமிழில் பகரம் இரட்டித்துத் 'துப்பாக்கி' ஆயிற்று. துருக்கிச் சொல் முன்னர் ஊதுகுழலைக் குறித்தது. 'பிஸ்டல்' என்பதும் குழலெனப் பொருள்படும் செக் மொழிச் சொல்லிற் பிறந்தது என்பதே பெரும்பாலோர் கொள்கை. தொடர்பற்ற இரு மொழிகளும் வடிவு நோக்கி ஒரே வகையாற் பெயரிட்டமை கருதத்தக்கது.

இனி ஈழவழக்காகிய 'துவக்கு' என்பதனை நோக்குவாம். இது 'துப்பாக்கி'யின் சிதைவன்று, அதன் உடன்பிறப்பு. 'பாப' என்பது 'பாவம்' ஆனாற்போலவும், 'த்வீப' என்பது 'தீவு' ஆனாற்போலவும், உயிரிடைப் பகரம் வகரமாயிற்று. ஈற்றில் உகரம் சேர்ந்தது. சிங்களத்துத் 'துவக்குவ' என்பதும் இவ்வினத்ததே. 'தொடங்கச்செய்' எனப் பொருள்படும் 'துவக்கு' என்னும் வினையோடு இதற்கு யாதோர் உறவுமில்லை.

மடுல்சீமைத் தோட்டத்துப் பிள்ளைகளின் முன்னோர் தமிழகத்தினின்றும் வந்தோர். வாழ்வதோ ஈழத்தமிழும் சிங்களமும் வழங்கும் நாட்டில். எனவே இருவகைச் சொல்லும் அவர்கள் செவிக்கு எட்டும். அவருள் ஒருவன் கட்டுரையில் 'துவக்கு' என எழுதினால், அதனைக் கொச்சையெனச் சிவப்பு மையாற் கோடிடுதல் தகாது. இரண்டும் பிறமொழியினின்று வந்தவை; இரண்டும் தமிழொலிக்கு இயைந்து நின்றவை. ஒன்றைச் செந்தமிழென உயர்த்தி மற்றொன்றைப் பிழையெனத் தள்ளுதற்கு மொழிவரலாறு இடந்தரவில்லை. பிள்ளையின் வாய்ச்சொல்லைப் பிழையென்று தீர்க்குமுன் அதன் வரலாற்றை ஆராய்தல் ஆசிரியர் கடனாம்.