“சகோதரி” என்னும் சொல்லும் “அவள் அப்படித்தான்” திரைப்படமும்

சி. ருத்ரய்யாவின் இயக்கத்தில் 1978ஆம் ஆண்டு வெளிவந்த “அவள் அப்படித்தான்” என்னும் கறுப்பு வெள்ளைத் திரைப்படம், ஆண் பெண் உறவின் சிக்கலை ஒளிவுமறைவின்றி ஆராய்ந்த அரிய தமிழ்ப் படைப்புகளுள் ஒன்று. திருச்சபையார், சிறப்பாக ஓசூர் போன்ற தொழில் நகரங்களில் ஊழியம் செய்வோர், இதனைக் கருத்தூன்றிப் பார்த்தல் வேண்டும் என்பது எமது எண்ணம்.

விளம்பர நிறுவனத்தில் பணிபுரியும் மஞ்சு (ஸ்ரீப்ரியா), பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் அருண் (கமல்ஹாசன்), பெண்ணை நுகர்பொருளாகவே கருதும் நிறுவனத் தலைவர் தியாகு (ரஜினிகாந்த்) ஆகியோர் முதன்மை மாந்தர். மஞ்சு தன் கடந்தகாலத்தை அருணிடம் கூறுகிறாள். அதில் வரும் மனோ ஒரு கிறிஸ்தவக் குருவானவரின் மகன். அவளிடம் தன் இச்சையைத் தீர்த்துக்கொண்ட அவன், பெற்றோர் முன்னிலையில் அவளைச் “சகோதரி” என்கிறான்.

இதனை நம் சமயத்தின்மேல் வீசப்பட்ட பழியென்று ஒதுக்குதல் எளிது. ஆனால் திருமறையே இப்பொய்யை அறிந்திருக்கிறது. ஆதியாகமம் 12ஆம் அதிகாரத்தில் ஆபிராம் தன் உயிருக்கு அஞ்சிச் சாராயைச் சகோதரி எனச் சொல்லச் செய்கிறான். பார்வோனின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டவள் சாராய். ஆடுமாடுகளைப் பெற்றவன் ஆபிராம். தூய சொல் ஆணுக்குக் கேடயமாகும்போது அதன் விலையைப் பெண்ணே செலுத்துகிறாள்.

எனினும், மனோவைக் காட்டிலும் அருணே நம்மைச் சிந்திக்க வைக்க வேண்டியவன். அவன் நல்லவன், பொறுமையாகக் கேட்பவன், பெண்விடுதலையை மதிப்பவன். ஆயினும் இறுதியில் வேறொரு பெண்ணை மணந்து வருகிறான். மஞ்சு தெருவில் நிற்க, அவர்களுடைய கார் போய்விடுகிறது. கேட்பது வேறு, உடன் நிற்பது வேறு என்பதை இக்காட்சி சொல்லாமற் சொல்லுகிறது.

படத்தில் குறையும் உண்டு. மஞ்சுவின் கசப்புக்குத் தாயின் ஒழுக்கத்தையும் பழைய காதல்களையும் காரணங்களாக அடுக்கும் கதை, அவளுக்கு ஆதரவாக நிற்கும் ஒரு தோழியையும் காட்டவில்லை. இதனால் அவளது தனிமை சமுதாயத்தின் குற்றமாகத் தோன்றாமல், அவளது இயல்பாகவே தோன்றிவிடும் அபாயம் இருக்கிறது.

கதை சென்னையில் நிகழ்ந்தாலும் அதன் கேள்வி கர்நாடக எல்லையிலுள்ள ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்கும் உரியது. வாகனம், கைக்கடிகாரம், மின்னணுப் பொருள்கள் செய்யும் ஆலைகளை நாடி இளம்பெண்கள் வருகின்றனர். உறவினரைப் பிரிந்து விடுதியில் தங்குகின்றனர். தம் ஊதியத்தைத் தாமே ஈட்டுகின்றனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்த ஊரில் சாதி, மொழி, சமயம் கடந்த நட்பும் காதலும் அரும்புகின்றன, வஞ்சனையும் நேர்கிறது.

அப்படி வஞ்சிக்கப்பட்ட ஒருத்தி ஆலயத்திற்கு வருவாளாயின், விசாரணை அவளை மட்டும் நோக்கியதாக இருக்குமா? வஞ்சித்தவன் சபை மூப்பரின் மகனாயினும் அவனையும் நோக்கியதாக இருக்குமா? ஞாயிறுதோறும் “சகோதரிகளே” என்று விளிக்கும் போதகர்கள், அச்சொல்லுக்குரிய பொறுப்பையும் ஏற்றாக வேண்டும். இச்சையைக் கண்டித்துப் பேசுவதால் மட்டும் அப்பொறுப்பு நிறைவேறிவிடாது.